ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு நாள் காட்டு நடை: ஏறிப் பார்க்க மேடு ஏதாவது உண்டா?

வைகைக்கரை

வணக்கம். பங்குனிக் கடைசியில் இரண்டு நாள் விடுப்பு கிடைக்கிறது. இந்தச் சமயத்தில் தேனி, கொடைக்கானல் பக்கம் காட்டுக்குள் நடப்பது நடக்காத காரியம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீக்குப் பிறகு, வெயில் ஏறத் தொடங்கினாலே மலைத்தடங்களை மூடிவிடுகிறார்கள். மூடுவதும் சரிதான். அதனால் இந்தத் தடவை எதிர்த்திசையில், கிழக்கே வரலாம் என்று நினைக்கிறோம்.

மரங்களுக்கு நடுவே அரை நாள் நடக்க வேண்டும். முடிவில் உயரமாக ஓர் இடத்தில் ஏறி நின்று நாலாபுறமும் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் கடற்கரையில் இப்படி ஏதாவது உண்டா? கோவில் தரிசனம் எப்படியும் உண்டு, அது தனி. நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகன். மாமனாரும் வருவேன் என்கிறார், அவருக்கு முழங்கால் வலி. சொந்த வண்டி கிடையாது, மதுரையில் இருந்து ரயிலில்தான் வருவோம்.

பனங்காட்டு நரி

அண்ணே, எங்கள் மாவட்டத்தில் போய் மலை தேடுகிறீர்களே! எங்களுக்குக் கண்மாய்க் கரைதான் மலை. நிழல் வேண்டுமென்றால் கருவேலங்காடு இருக்கிறது, முள் இலவசம். பேசாமல் சாயல்குடிப் பக்கம் வாருங்கள். பனையடியில் உட்கார்ந்து பதநீர் குடிக்கலாம். நடையெல்லாம் எதற்கு?

தங்கச்சிமடத்துக்காரி

நரி சொல்வதைக் கேட்காதீர்கள். மலை இல்லை, ஆனால் மேடு இருக்கிறது. ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம். ஊரில் ராமர் பாதம் என்றால்தான் வழி சொல்வார்கள். பர்வதம் என்றதும் பழனி அளவுக்குக் கற்பனை செய்துகொண்டு வராதீர்கள், அது ஒரு மணல் மேடு. உச்சியில் இரண்டடுக்கு மண்டபம், உள்ளே சக்கரத்தின் மேல் பாதச் சுவடு. பெரிய கோவிலில் இருந்து மூன்று கிலோமீட்டர்தான்.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டோவில் வந்து இறங்கி, படியேறி, செல்ஃபி எடுத்து, பத்து நிமிடத்தில் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் நடந்து போங்கள். விடிவதற்குள் அக்னி தீர்த்தக் கரைக்குப் போய்விட வேண்டும். பங்குனியில் ஆறேகால் வாக்கில் சூரியன் எழும்பும். அதைப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் கூட்டம் சேர்வதற்குள் ஊரைத் தாண்டி ராமர் பாதம் ரோட்டைப் பிடித்துவிடுங்கள். போகிற வழியில் சுக்ரீவர் கோவில், சாட்சி அனுமார் கோவில் உண்டு. ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் உடைமரங்களுக்கு நடுவே தீர்த்தக் குளங்கள். சுக்ரீவர், அங்கதன், ஜாம்பவான் என்று வானர சேனையின் பேரில் சில, பாண்டவர்கள் பேரில் சில. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இவற்றில் பல மண் மூடி, இருந்த இடம்கூடத் தெரியாமல் கிடந்தன. விவேகானந்த கேந்திரத்தின் பசுமை ராமேஸ்வரம் திட்டத்தில் முள்ளை வெட்டி, தூர்வாரி, கல் கட்டி மீட்டிருக்கிறார்கள். கோவிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, அமைதியாக இருக்கிறது.

மேலே ஏறி நின்றால் தீவின் நிஜமான நிறம் தெரியும். கீழே இருக்கும்போது வீடு, லாட்ஜ், கடை என்றுதான் தோன்றும். மேலே இருந்து பார்த்தால் பச்சை. உடைமரம், பனை, தென்னை, அதற்கு மேல் தலை நீட்டும் கோபுரங்கள், வடக்கே கடல். 323 மீட்டர் உயர டிவி கோபுரம் ஒன்றும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், அதைத் தவிர்க்க முடியாது.

சென்னைவாசி

நான் போயிருக்கிறேன். தார் ரோடுதானே? ஆட்டோவில் பத்து நிமிடம். இதை நடைப்பயணம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

உப்புக்காற்று

தார் ரோட்டில் நடந்தால் தார் ரோடுதான் சார். உள்ளே ஆடு மேய்க்கிறவர்கள் போய்வரும் ஒற்றையடித் தடங்கள் நிறைய. ஒரு குளத்துக்கும் இன்னொரு குளத்துக்கும் இடையே அப்படித்தான் நாங்கள் போவோம். வேலி போட்ட தோப்புக்குள் மட்டும் நுழைய வேண்டாம். வழி தெரியவில்லை என்றால் நின்று கேளுங்கள், கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

வைகைக்கரை அண்ணே, நான் சொல்லவந்தது வேறு. போன வழியே திரும்பாதீர்கள். ராமர் பாதத்தில் இருந்து வடக்கே இறங்கினால் கடல் வந்துவிடும். சம்பை, மாங்காடு, வடகாடு, ஓலைக்குடா எல்லாம் அந்த வடக்குக் கரை ஊர்கள்தான். கரையைப் பிடித்துக் கிழக்கே நடந்து, ஓலைக்குடா, சங்குமால் வழியாக அக்னி தீர்த்தத்துக்கே வந்து சேரலாம். ஒரு சுற்று முடிந்த மாதிரி இருக்கும். அந்தக் கரை பாக் நீரிணைப் பக்கம். பங்குனியில் அலையே இருக்காது, முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் போகலாம்.

தண்ணீரில் மூங்கில் சட்டங்கள் மிதப்பதைப் பார்ப்பீர்கள். வலை காயப்போட்டிருப்பதாக நினைத்துவிட வேண்டாம், அது பாசி வளர்ப்பு. பத்தடிக்குப் பத்தடி மூங்கில் மிதவை, அதில் வரிசையாகக் கயிறு, கயிற்றில் துண்டு துண்டாகக் கடற்பாசி கட்டியிருக்கும். 45 நாளில் அறுவடை. ஐஸ்கிரீம், பற்பசை கெட்டியாக இருக்கச் சேர்க்கும் கேரகீனன் இதிலிருந்துதான் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அம்மாவும் சித்தியும் இந்த வேலைதான். கயிறு கட்டுகிற இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் விரல் போகிற வேகத்தைக் கேமராவால்கூடப் பிடிக்க முடியாது. படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமல் எடுத்தால் அம்மா திட்டும், உத்தரவாதம்.

பரமக்குடி வாத்தியார்

நல்ல இழை. பணியில் இருந்த காலத்தில் மாணவர்களை இந்தப் பக்கம் செடி கொடி பார்க்கக் கூட்டிப்போவேன். தம்பி சொன்ன தடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

உடைமரத்தைக் குடைவேல் என்றும் சொல்வார்கள். உச்சி தட்டையாக விரிந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். இந்தியாவில் தென்கோடிக் கடலோரத்துக்கே உரிய மரம். கையருகே ஒரு கிளையைப் பிடித்துப் பாருங்கள். ஒரே கிளையில் இரண்டு வகை முள் இருக்கும். ஒன்று நீளமாக, நேராக, வெள்ளையாக இருக்கும். இன்னொன்று குட்டையாக, கொக்கி போல வளைந்திருக்கும். நேர் முள்ளைத் தவிர்த்துக் கையை விட்டால் கொக்கி பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆட்டுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. சுருண்டு கிடக்கும் நெற்றுகளை மட்டும் லாகவமாகப் பொறுக்கித் தின்றுவிடும்.

மணல் திறந்தவெளியாக வரும் இடத்தில் பந்து பந்தாக, குச்சி குச்சியாக நிற்கும் புல் ராவணன் மீசை. நுனி ஊசிதான், வெறுங்காலோடு போகாதீர்கள். அதன் விதைப்பந்து காற்றில் உருண்டு உருண்டு போய் எங்கே மண் பிடிக்கிறதோ அங்கே முளைக்கும். கரை ஓரத்தில் ஊதாப்பூ பூத்துப் படர்ந்திருப்பது அடம்பு. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துக் கொடி என்று படித்திருப்பீர்களே, அதே அடம்புதான். இந்த மணல் மேடு காற்றில் கரைந்து போகாமல் நிற்பதற்கு உடையும் ராவணன் மீசையும் அடம்பும்தான் காரணம். வேரைப் பிடுங்கினால் மேடு நகரத் தொடங்கிவிடும்.

குளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு பக்கமும் உப்புக் கடல், நடுவே இத்தனை நன்னீர்க் குளம் எப்படி? மழை மணலுக்குள் இறங்குகிறது. அடியில் ஏற்கெனவே கடல் நீர் ஊறி நிற்கிறது. நன்னீர் எடை குறைவு, அதனால் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டு தங்கிவிடுகிறது. அளவாக இறைத்தால் வருடம் முழுக்கக் கிடைக்கும். ஆழமாகத் துளை போட்டு மோட்டாரில் உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு மேலேறிவிடும், அப்புறம் இறங்காது. தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் கிடைப்பதும் இதே சங்கதிதான். புராணம் ராமர் வில்லை ஊன்றினார் என்கிறது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்வேன், எதையும் விட மாட்டேன்.

தங்கச்சிமடத்துக்காரி

சார், வில்லூண்டியை நினைவுபடுத்தியதற்கு நன்றி, எங்கள் ஊர்ப் பெருமை. தனுஷ்கோடியில் இருக்கிறவர்கள் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் கையால் மணலைத் தோண்டிக் குடிக்கத் தண்ணீர் எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

பூநாரை

எல்லாம் சரி, ஆனால் பங்குனிக் கடைசி தப்பான நேரம். தை, மாசியில் வந்தால்தான் இந்தக் கடற்கரைக்கு அர்த்தம். கோதண்டராமர் கோவில் பக்கமும் தனுஷ்கோடிக் கழிமுகங்களிலும் அப்போது பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்ததே அதற்காகத்தான். ஊருக்கு மேற்கே போனால் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று கண்மாய்களிலும் பறவை. பங்குனிக் கடைசியில் கண்மாய்த் தண்ணீர் வற்றி, வந்த பறவையெல்லாம் வடக்கே கிளம்பிக்கொண்டிருக்கும். வெயில் வேறு. யார் சொன்னாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

பரமக்குடி வாத்தியார்

பறவைக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் வேம்பு பூப்பதும் புங்கை தளிர்ப்பதும் பங்குனியில்தான். நுங்கு வெட்டத் தொடங்குவதும் அந்த வாக்கில்தான். கடலும் இரண்டு பக்கமும் ஒருசேர அடங்கியிருக்கும் இடைவெளி அது. வாடைக்காற்று ஓய்ந்திருக்கும், தெற்கத்திக் காற்றான சோழகம் இன்னும் எழுந்திருக்காது. வைகைக்கரை நடக்க வருகிறார், தொலைநோக்கியோடு வரவில்லை.

பூநாரை

தொலைநோக்கி இல்லாமல் வருவதுதான் சார் பிரச்சினையே. சரி, போகட்டும். வடக்குக் கரையில் ஆலா என்ற கடற்பறவைகளாவது இருக்கும். பாசி மிதவையின் மூங்கில் மேல் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

பனங்காட்டு நரி

ஒரு சந்தேகம். எல்லோரும் காடு, காடு என்கிறீர்கள். நாலு உடைமரம் இருந்தால் காடா? எங்கள் ஊரில் நடக்க இடம் இல்லாமல் சீமைக்கருவேல் அடைத்துக்கொண்டு நிற்கிறதே, அதை மட்டும் ஏன் காடு என்று யாரும் பார்க்க வருவதில்லை? 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்னபோது ஊரெல்லாம் அரிவாளோடு கிளம்பினார்கள். வெட்டியது வெட்டிய வேகத்தில் துளிர்த்துவிட்டது. மானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருடத்தில் எங்கள் அப்பா மூட்டம் போட்டுக் கரி விற்றுத்தான் எனக்குப் பள்ளிக்கூடச் செலவு பார்த்தார். அந்த மரத்தை எல்லோரும் வில்லனாக்கும்போது எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

பரமக்குடி வாத்தியார்

நரி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கரிமூட்டம் இந்த மாவட்டத்தில் எத்தனையோ அடுப்பை எரிய வைத்திருக்கிறது. ஆனால் உடைக்கு அடியில் உட்காரலாம், புல் முளைக்கும், ஆடு படுக்கும். சீமைக்கருவேலுக்கு அடியில் வேறு எதுவும் தலையெடுக்காது. கண்மாய்க்குள் புகுந்தால் கண்மாயே போய்விடும். நடக்கிறவன் கண்ணுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். பிழைப்புக்கு அது வேண்டும் என்றால் வயலோரத்தில் இருக்கட்டும், குளத்துக்குள் வேண்டாம்.

பனங்காட்டு நரி

இதற்கு நான் தலையாட்டுகிறேன், ஆனால் முழுசாக இல்லை.

சென்னைவாசி

மேட்டில் நின்றால் இலங்கை தெரியுமா?

உப்புக்காற்று

தெரியாது சார். ராமர் பாதம் வடக்குப் பார்த்த பக்கம். தனுஷ்கோடி தாண்டித் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கே போனாலும் தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவே மணல் திட்டுகள்தான். இலங்கை செல்போன் சிக்னல் மட்டும் விருந்தாளியாக வந்துவிடும், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

வைகைக்கரை

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. மாமனாரை என்ன செய்வது? இன்னொன்று, மகன் குருசடைத் தீவு பற்றி எங்கோ படித்துவிட்டு, மீனவர் யாரையாவது பிடித்துப் படகில் போகலாமா என்று கேட்கிறான்.

மட்டுறுத்துநர்

இரண்டாவது கேள்விக்கு நானே சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தனியார் படகில் தீவில் இறங்குவது குற்றம், கூட்டிப்போகிற மீனவருக்கும் வழக்கு வரும். குருசடைக்கு வனத்துறையே குந்துகாலில் இருந்து படகு விடுகிறது. கடலும் நாளும் ஒத்துவந்தால் அதில் போகலாம். “தெரிந்த படகு இருக்கிறது” என்று இந்த இழையில் யாரும் எழுத வேண்டாம், நீக்கிவிடுவேன்.

தங்கச்சிமடத்துக்காரி

மாமனாருக்கு வழி சுலபம். நீங்கள் நடந்து போங்கள், அவர் சாவகாசமாக எழுந்து, காபி குடித்து, ஆட்டோவில் ராமர் பாதத்துக்கு வந்துவிடட்டும். படி கொஞ்சம்தான், கைப்பிடித்து ஏற்றிவிடலாம். மேலே மண்டபத்தில் நிழலும் காற்றும் உண்டு.

இரண்டாவது நாளும் இருக்கிறதல்லவா? மதுரைக்கு நேரே திரும்பாமல் காரங்காட்டுக்குப் போங்கள். தேவிபட்டினம் தாண்டி, தொண்டிக்கு முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்து உள்ளே போக வேண்டும். அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். படகு கால்வாய்க்குள் மெதுவாகப் போகும்போது, சேற்றில் இருந்து விரல்கட்டை உயரத்துக்குக் குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்பதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அதெல்லாம் வேர். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மூச்சு விட மேலே வருகிறது. அங்கே ஒரு காவல் கோபுரமும் உண்டு. முழங்கால் வலிக்காரருக்கு மேட்டை விடப் படகுதான் ஏற்றது. சொல்லி வைத்தால் ஊர்ப் பெண்கள் நண்டும் மீனுமாகச் சமைத்துப் போடுவார்கள். போகும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா நாளும் படகு ஓடாது.

உப்புக்காற்று

இன்னும் சில விஷயம். செருப்பு வேண்டாம், அடிப்பாகம் தடியான ஷூ போடுங்கள். உடைமுள் ஹவாய் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலுக்கு வந்துவிடும். சருகும் கல்லும் குவிந்த இடத்தில் கை வைக்காதீர்கள், சுருட்டை விரியன் இருக்கும். சின்ன பாம்புதான், ஆனால் கடித்தால் அலட்சியம் கூடாது. தடத்தை விட்டு விலகாமல் நடந்தால் பயமில்லை. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வைகைக்கரை

போய் வந்துவிட்டோம். கேட்டுவிட்டுப் பதில் எழுதாமல் போகிறவர்கள் இங்கே அதிகம் என்று யாரோ இன்னொரு இழையில் புலம்பியிருந்தார்கள், அதனால் எழுதுகிறேன்.

ரயிலில் வந்ததே ஒரு காட்சிதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் வண்டி போகும்போது பக்கத்திலேயே 1914இல் கட்டிய பழைய பாலம். மாமனார் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. 1964 டிசம்பர் புயலுக்கு முன் தனுஷ்கோடிவரை ரயில் போனதை அவர் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாராம். மண்டபம் வருவதற்கு முன்பே தொடங்கிய கதை ராமேஸ்வரத்தில்தான் முடிந்தது.

நடைக்கு வருகிறேன். ஏழு மணிக்கெல்லாம் உடைமரங்களுக்குள் நுழைந்துவிட்டோம். வெயில் இலைக்கு நடுவே பொடிப்பொடியாக விழுந்தது, தரை முழுக்க மணல். கொடைக்கானலில் ஒரு மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு இங்கே ஒன்றரை மணி ஆகிறது, கால் பின்னுக்கு வழுக்குகிறது. இதை யாரும் சொல்லவில்லையே! ஒரு குளத்தங்கரையில் பெரியவர் ஒருவர் தொரட்டியால் கிளையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். நெற்று விழ விழ ஆடுகள் முட்டி மோதின. மகன் தொரட்டியைக் கேட்டு வாங்கி உலுக்கினான், ஒன்றும் விழவில்லை. பெரியவர் இரண்டே இழுப்பில் ஒரு கூடை கொட்டினார். கிளையை ஆட்டக் கூடாதாம், சட்டென்று இழுத்து விட வேண்டுமாம்.

குளங்களில் தண்ணீர் இருந்தது. ஒன்றில் இறங்கிக் கை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பே இல்லை. வாத்தியார் ஐயா சொன்ன மிதக்கும் தண்ணீர் கதையை மகனுக்குச் சொன்னேன். அவன் இயற்பியல் பாடத்தில் அடர்த்தி படித்திருக்கிறான், எனக்கே திருப்பி விளக்கினான்.

மேடு ஏறியபோது மாமனார் எங்களுக்கு முன்பே மண்டபத்தில் உட்கார்ந்து மாங்காய்க் கீற்று தின்றுகொண்டிருந்தார். “இவ்வளவு நேரமா?” என்று ஒரு கேள்வி வேறு. மேலிருந்து தெரிந்த காட்சி தங்கச்சிமடத்துக்காரி அக்கா சொன்னபடியேதான், பச்சைத் தரை, கோபுரம், கடல். உயரம் குறைவாக இருப்பதில் ஒரு வசதி இருப்பதாக எனக்குப் பட்டது. மலை உச்சியில் இருந்து பார்த்தால் ஊர் பொம்மையாகிவிடும். இங்கே துணி காயப்போடுகிற பெண்ணும் தெரிகிறாள், தூரத்துக் கடலும் தெரிகிறது. நாங்கள் வந்த தடத்தை மரம் மரமாக அடையாளம் சொல்ல முடிந்தது.

குறையும் உண்டு. மேட்டின் சரிவில் பிளாஸ்டிக் பாட்டிலும் தட்டும் குவிந்து கிடக்கின்றன. மேலே நின்று தூக்கிப் போட்டவை என்பது பார்த்தாலே தெரிகிறது. மகனும் மனைவியும் ஒரு பையில் கொஞ்சம் பொறுக்கினார்கள், தீருகிற அளவு இல்லை.

ஆனால் என்னைக் கேட்டால், மேட்டைவிடத் திரும்பி வந்த கரைதான் பிடித்தது. உப்புக்காற்று தம்பி, பாசிக் கயிறு கட்டும் இடத்தில் உட்கார்ந்தோம். பத்து நிமிடம் என்றாய், எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆனது. என் மனைவி இரண்டு கயிறு கட்டினாள். ஓர் அக்கா அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டுச் சிரித்தார். பத்தரைக்கு மேல் கடற்காற்று எழுந்தது. அது இல்லாமல் போயிருந்தால் கடைசி ஒரு கிலோமீட்டர் கஷ்டம்தான்.

காரங்காட்டுக்கு மறுநாள் போனோம். படகு இருந்தது. நண்டுக் குழம்பைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.

பூநாரை

பறவை?

வைகைக்கரை

மூங்கில் மேல் வெள்ளையாக வரிசையாக நின்றன, ஆலாவாகத்தான் இருக்கும். மயில் அகவுகிற சத்தம் நடை முழுக்கக் கேட்டது. பூநாரை கண்ணில் படவில்லை.

பூநாரை

அதைத்தானே சொன்னேன். மாசியில் வாருங்கள்.

உப்புக்காற்று

அண்ணே, அந்த அக்கா எங்கள் சித்தியாகக்கூட இருக்கலாம், கேட்டுப் பார்க்கிறேன். பிளாஸ்டிக் விஷயம் எங்களுக்கும் தலைவலிதான். மாடும் ஆடும் தின்றுவிடுகின்றன. மேட்டில் விற்கிறவர்களே இலையிலோ காகிதத்திலோ கொடுத்தால் பாதி குறையும். வெளியூர்க்காரர்களை மட்டும் திட்டுவதில் பிரயோஜனமில்லை.

பனங்காட்டு நரி

ஒப்புக்கொள்கிறேன், மேடு இருக்கிறது. ஆனால் மணலில் நடந்தால் கால் வழுக்கும் என்று மதுரைக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஆற்றில் தண்ணீரைவிட மணலைத்தானே அதிகம் பார்த்திருப்பீர்கள்?

சென்னைவாசி

படித்துவிட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. அப்போது போகலாமா? இல்லையென்றால் ஆடியில்?

தங்கச்சிமடத்துக்காரி

மே மாதம் வரலாம், ஆனால் ஐந்தரைக்கு இருட்டிலேயே கிளம்பி, எட்டரைக்குள் மேட்டை முடித்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பிவிடுங்கள். கரை நடையை விட்டுவிடுங்கள், மணல் கொதிக்கும், பிள்ளைகளால் முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும், பெரிய மீன் அதிகம் கிடைக்காது, நாட்டுப்படகு மீன்தான். பிள்ளைகளுக்கு வரிசையாக நிற்கும் படகைப் பார்ப்பதே சந்தோஷமாக இருக்கும்.

ஆடி வேண்டாம். காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஆடி அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஊரில் தங்க இடமே கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் தடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். தனுஷ்கோடியையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் காலையில் ராமர் பாதம், மூன்று மணிக்கு மேல் தனுஷ்கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பக்கம் வண்டியை விட மாட்டார்கள். ஆட்டோவுக்குப் போகவர, காத்திருக்க என்று மொத்தமாகப் பேசி ஏறுங்கள். இறங்கிய பிறகு பேசினால் கட்டுப்படியாகாது.

சென்னைவாசி

குறித்துக்கொண்டேன் அக்கா. மே இரண்டாவது வாரம் வருகிறோம், ஐந்தரைக்கே கிளம்புகிறோம்.